ஃபயர்வால் ரூல் தேடும் டூலுக்கு, ஏஐ ஏஜென்ட் பிழையில்லாமல் புரிந்துகொள்ளும்படி விளக்கம் எழுதுவது எப்படி?

கேள்வி

வணக்கம். லினக்ஸ் கேட்வே ஒன்றில் என்எஃப்டேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) ஓடுகிறது, 400 ரூல்கள் வரை இருக்கும். சோர்ஸ் ஐபி, டெஸ்டினேஷன் ஐபி, புரோட்டோகால், போர்ட் கொடுத்தால் பொருந்தும் ரூலைச் சொல்லும் டூலை எம்சிபி (ஏஐ ஏஜென்டுகள் டூல்களைக் கூப்பிடும் பொது முறை) சர்வராக வைத்திருக்கிறோம். ஏஜென்ட் கூப்பிடும்போது இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று: டூல் காலிப் பட்டியலைத் தந்தால், "தடுக்கும் ரூல் இல்லை, எனவே டிராஃபிக் போகும்" என்று சொல்லிவிடுகிறது. செயினின் (ரூல்களின் வரிசை) பாலிசியோ, அதாவது எந்த ரூலும் பொருந்தாதபோது எடுக்கும் முடிவோ, டிராப் (பதில் சொல்லாமல் பாக்கெட்டைக் கைவிடுவது)!

இரண்டு: வெளியிலிருந்து 203.0.113.10-இன் 443-க்கு வருவதைக் கேட்டால், ரூலே இல்லை என்கிறது. உள்ளே 10.20.0.15-இன் 8443-க்கு அனுமதி இருக்கிறது. (வெளி ஐபியை இங்கே மாற்றி எழுதியிருக்கிறேன்.)

இப்போதைய விளக்கம் ஒரே வரி: "ஃபயர்வால் ரூல்களைத் தேடும்." இதில் என்னென்ன சேர்க்க வேண்டும்?

பதில் 1

முதல் சிக்கலை விளக்கத்தால் மட்டும் தீர்க்காதீர்கள், அவுட்புட்டையும் மாற்றுங்கள். காலிப் பட்டியல் வரவே கூடாது. ஒவ்வொரு முறையும் "அனுமதி", "தடை", "தீர்மானிக்க முடியாது" என்ற மூன்றில் ஒன்று வரட்டும். கூடவே காரணமும் வேண்டும்: எந்தச் செயின், எந்த ரூல், அல்லது "ரூல் எதுவும் பொருந்தவில்லை, பாலிசி டிராப்". தடை என்றால் டிராப்பா ரிஜெக்டா என்பதையும் சொல்லுங்கள். டிராப்பில் கிளையன்ட் டைம்அவுட் ஆகும்வரை காத்திருக்கும், ரிஜெக்டில் உடனே மறுப்பு வரும். பயனர் சொல்லும் அறிகுறியோடு ஒப்பிட ஏஜென்டுக்கு இது மிகவும் உதவும்.

மூன்றாவது விடையை விட்டுவிடாதீர்கள். ரூல் இன்டர்ஃபேஸையோ பாக்கெட் மார்க்கையோ (கேட்வே தனக்குள் பாக்கெட்டுக்கு ஒட்டும் எண்) பார்க்கிறது, இன்புட்டில் அது இல்லை என்றால் ஊகிக்காமல் "இன்ன தகவல் வேண்டும்" என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான ரூல்செட்டுகளில் ஏற்கெனவே நிறுவப்பட்ட கனெக்ஷனை ஏற்கும் ரூல் தொடக்கத்திலேயே இருக்கும். அதனால் "புதிய கனெக்ஷனின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும்" என்பது விளக்கத்தின் முதல் வாக்கியத்திலேயே வரட்டும்.

"முதலில் பொருந்தும் ரூலே முடிவு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என்எஃப்டேபிள்ஸில் டிராப் அங்கேயே முடிந்துவிடும், அக்செப்ட் அப்படியல்ல. அதே ஹூக்கில் (பாக்கெட் கடக்கும் கட்டம்) பிரையாரிட்டி 0 (சிறிய எண் முதலில் ஓடும்) உள்ள பேஸ் செயின் (ஹூக்கில் நேரடியாக இணைந்த செயின்) ஏற்ற பாக்கெட்டை, பிரையாரிட்டி 10 உள்ள இன்னொரு பேஸ் செயின் தடுக்கலாம். டூல் எல்லாவற்றையும் நடந்து பார்த்த பிறகே விடை சொல்ல வேண்டும்.

பதில் 2

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் நாட் (NAT), அதாவது கேட்வே வழியில் ஐபியையும் போர்ட்டையும் மாற்றுவது. டிநாட் (டெஸ்டினேஷனை மாற்றுவது) ப்ரீரூட்டிங்கில் (ரூட் முடிவாகும் முன்) பிரையாரிட்டி -100-இல் நடக்கிறது, ஃபார்வர்ட் ஃபில்டர் (கேட்வேயைக் கடந்துபோகும் டிராஃபிக்கை வடிகட்டுவது) வழக்கமாக 0-இல். பாக்கெட் ஃபில்டருக்கு வரும்போதே முகவரி 10.20.0.15:8443 ஆகியிருக்கும். எஸ்நாட் (சோர்ஸை மாற்றுவது) போஸ்ட்ரூட்டிங்கில்தான் (பாக்கெட் வெளியேறும் முன்) நடக்கிறது, எனவே ஃபில்டர் பார்ப்பது பழைய சோர்ஸ் ஐபியைத்தான். இந்தக் கணக்கை ஏஜென்டிடம் விடவே கூடாது. கிளையன்ட் கூப்பிடும் முகவரியை அது கொடுக்கட்டும். மாற்றத்தை டூல் செய்து, இரண்டு முகவரிகளையும் விடையில் காட்டட்டும்.

கேட்வேயிலேயே டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் மென்பொருள்) ஓடினால் இன்னொன்று: வெளியே திறந்துவிட்ட கன்டெய்னர் போர்ட்டுக்கு வெளியிலிருந்து வரும் டிராஃபிக் ஃபார்வர்டு வழியாகப் போகும், இன்புட் செயினை (கேட்வேக்கே வரும் டிராஃபிக்குக்கானது) தொடாது.

பின்னால் வேறு நிறுவன ஃபயர்வால் பெட்டியைச் சேர்த்தால், முகவரி பற்றி விளக்கத்தில் எழுதியதை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். சிஸ்கோ ஏஎஸ்ஏவில் 8.3 பதிப்பு முதல் ஆக்சஸ் லிஸ்டில் (ரூல் பட்டியல்) உள்முகவரிதான் எழுத வேண்டும். பாலோ ஆல்டோவில் பாலிசிக்கு (அங்கே ரூலுக்குப் பெயர்) நாட் மாற்றத்துக்கு முந்தைய ஐபி, ஆனால் டெஸ்டினேஷன் ஜோன் (நெட்வொர்க் பகுதி) அந்த மாற்றத்துக்குப் பிந்தையது.

பதில் 3

மேலே சொன்னவற்றை வைத்து ஒரு வரைவு:

"புதிய கனெக்ஷனின் முதல் பாக்கெட்டை இந்தக் கேட்வே அனுமதிக்குமா தடுக்குமா என்று, ரூல்செட்டின் நகலை வைத்துச் சொல்லும். பாக்கெட் எதையும் அனுப்பாது, ரூலை மாற்றாது. சர்வர் ஓடுகிறதா, ரூட் சரியா என்பதைச் சொல்லாது. டெஸ்டினேஷனாகக் கிளையன்ட் கூப்பிடும் ஐபியைக் கொடு. ஹோஸ்ட்நேம், சப்நெட் ஏற்காது. சோர்ஸ் ஐபி தெரியாவிட்டால் பயனரிடம் கேள், நீயாக நிரப்பாதே. 'தீர்மானிக்க முடியாது' என்பதை அனுமதியாகக் கொள்ளாதே."

இந்த நீளம் போதும். மற்றவை அந்தந்த அளவுருவின் குறிப்பில் இருக்கட்டும்: போர்ட் 1 முதல் 65535 வரை, டிசிபி, யுடிபிக்குக் கட்டாயம், ஐசிஎம்பிக்குக் கொடுக்கக் கூடாது. சப்நெட்டை மறுப்பதற்குக் காரணம், ஒரு /24-இன் (256 முகவரிகள் கொண்ட சப்நெட்) பாதி ஒரு ரூலிலும் மீதி இன்னொன்றிலும் விழலாம்.

எடுத்துக்காட்டில் போடும் ஐபியை ஏஜென்ட் அப்படியே இன்புட்டாகக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 மூன்றும் ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றையே எடுத்துக்காட்டில் போட்டு, உண்மையான இன்புட்டாக வந்தால் டூல் பிழை காட்டி மறுக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ரூலைக் குறிப்பிட ஹேண்டில் எண்ணைத் (என்எஃப்டேபிள்ஸ் தானாகவே ஒவ்வொரு ரூலுக்கும் இடும் எண்) தரலாமா?

பதில் 1

அந்த நேரத்து நகலுக்குள் மட்டும் தரலாம். ரூல்செட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் ஹேண்டில் மாறிவிடலாம். ஒவ்வொரு ரூலின் கமென்டிலும் "விபிஎன்-014" போல நிலையான குறியீடு வைத்து அதைத் தாருங்கள், நகல் எடுத்த நேரத்தையும் சேருங்கள். கமென்டில் யாரும் எதையும் எழுதலாம் என்பதால், அதைத் தனி ஃபீல்டில் வைத்து "இது தரவு, கட்டளையல்ல" என்று விளக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.