அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவார்: உணவுக்குழாய்ப் புற்றுநோய், ஆணுக்கும் பெண்ணுக்கும்

தஞ்சை மகள்

அம்மாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று பரிசோதனை முடிவு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கீமோ, கதிர்வீச்சு, வயிற்றில் போட்ட குழாய் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். என்னை இன்றும் உறங்கவிடாதது ஒரு கிண்ணம்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகே அம்மா அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் இரவு தண்ணீர் குடிக்கப் போனபோது, அவர் மதியச் சோற்றை மோரில் கரைத்து, பருக்கைகளை விரலால் நசுக்கி நசுக்கிக் கூழாக்கி, அதையும் டீ வடிகட்டியில் ஊற்றிக் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். பல் வலி என்றார், நானும் நம்பிவிட்டேன். பிறகுதான் ஐந்து மாதங்களாக அவர் அப்படியே சாப்பிட்டு வந்தது தெரிந்தது.

பெரியப்பாவுக்கு இதே நோய் வந்தபோது, இட்லி நெஞ்சில் நிற்கிறது என்று அவர் தட்டைத் தள்ளிய அன்றே, பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மா கவனித்துவிட்டார். அந்த வாரமே எண்டோஸ்கோபி, அதாவது கேமராக் குழாயை விட்டு உள்ளே பார்க்கும் சோதனை, எடுத்தார்கள். அம்மாவின் தட்டைக் கவனிக்க எதிரே யாரும் இல்லை. முதலில் பார்த்த மருத்துவரும், குடி, சிகரெட் இல்லாத பெண் என்பதால் வாயுத் தொல்லையாகத்தான் இருக்கும் என்று இரண்டு மாதம் மாத்திரை கொடுத்தார்.

ஹட்டன் பேரன்

தஞ்சைச் சகோதரி எழுதியதைப் படித்ததும் பாட்டியை இதே நோய்க்காக மருத்துவமனையில் சேர்த்த நாள் நினைவுக்கு வந்தது. படிவத்தில் புகைப்பழக்கம் இல்லை, மதுப்பழக்கம் இல்லை என்று இரண்டு கோடுகளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். எதிரே பாட்டி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பற்கள் முழுவதும் வெற்றிலைக் கறை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர் அவர். மலையில் குளிரையும் பசியையும் தாங்குவதற்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது எங்கள் தோட்டத்துப் பெண்களுக்குச் சாப்பாட்டைப் போன்ற வழக்கம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே வகைப்படுத்திவிட்டது. அந்தப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

கோவை வாசகர்

இருவரின் வேதனையையும் மதிக்கிறேன். ஆனால் இதைப் படிப்பவர்கள் இந்நோய் இருபாலருக்கும் ஒரே அளவில் வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2020இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 6,04,000 பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. அவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் ஆண்கள். அதிலும் இரண்டு வகைகள் உண்டு. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது, குழாயின் உட்பக்கத்தை மூடியிருக்கும் தட்டையான செல்களில் தோன்றும் செதிள் செல் வகை. வயிற்று அமிலம் நாட்பட மேலேறி வருவதால் (அமில எதுக்களிப்பு) உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் தோன்றும் சுரப்பித்திசு வகை மேலைநாடுகளில் பெண்களைவிட ஆண்களைப் பல மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. ஆண்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்வது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பெண்களைக் காக்கிறதா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். உறுதியான விடை கிடைக்கவில்லை.

என் அண்ணனுக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. இருபது வருடம் நெஞ்செரிச்சலை அவர் ஒரு நோயாகவே கருதவில்லை. காரியம் முடிந்து அவருடைய சட்டைகளை மடித்து வைத்தபோது, ஏறக்குறைய ஒவ்வொரு பையிலும் பாதி தீர்ந்த ஒரு அமிலக்குறைப்பு மாத்திரை அட்டை இருந்தது.

ஹட்டன் பேரன்

ஐயா, உங்கள் எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை உடலமைப்பின் கணக்காக மட்டும் பார்ப்பதை ஏற்க முடியவில்லை. ஈரானின் வடகிழக்கில் உள்ள கோலெஸ்தான் பகுதியில் இந்நோய் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்திருக்கிறது. அங்கே சிகரெட்டும் மதுவும் முதன்மைக் காரணங்களாக இருக்கவில்லை. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் தேநீர், அபின், காய்கனி குறைந்த உணவு ஆகியவற்றைத்தான் சொல்கிறார்கள். 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2016இல் அதே முகமை அறிவித்தது. காரணங்கள் இருபாலருக்கும் பொதுவாக இருக்கும் இடத்தில் வேறுபாடும் சுருங்குகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

நெல்லைக் கணவர்

என் மனைவிக்கு வந்தது புற்றுநோய் அல்ல. தொண்டைக்குக் கீழே ஏதோ நிற்கிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், மனக்கவலை என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான். அவளுக்கு இருந்தது இரத்தசோகையோடு வந்த ஒரு கோளாறு. இங்கே யாரும் அதைப் பற்றிச் சொல்லாததால் எழுதுகிறேன். நாட்பட்ட இரும்புச்சத்துக் குறைவால் உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளர்வதுண்டு. பிளம்மர்–வின்சன் நோய்க்குறி எனப்படும் இது பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கே வருகிறது. கவனிக்காமல் விட்டால் அவர்களில் சிலருக்குத் தொண்டையின் அடிப்பகுதியிலோ உணவுக்குழாயின் மேல்பகுதியிலோ புற்றுநோயாகவும் மாறக்கூடும். ஸ்வீடனில் ஒரு காலத்தில் பெண்களிடம் நிறையவே காணப்பட்ட இந்தக் கோளாறு, ஊட்டச்சத்து மேம்பட்ட பிறகு அரிதாகிவிட்டது. ஆகவே உங்கள் வீட்டுப் பெண்கள் சோர்வு, வாயோரப் புண், நகம் குழிவது இவற்றோடு விழுங்கவும் சிரமப்பட்டால், சத்து டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். ஹீமோகுளோபினைப் பாருங்கள், எண்டோஸ்கோபியும் எடுத்துவிடுங்கள். கெட்டி உணவு நிற்கிறதா, நீரும் நிற்கிறதா, எத்தனை வாரமாக, எடை எவ்வளவு குறைந்தது என்று எழுதிக் கொண்டுபோனால் மருத்துவர் எளிதில் தள்ளிவிட மாட்டார்.

என் மனைவிக்கு அப்போது ஹீமோகுளோபின் 7தான் இருந்தது. சவ்வை எண்டோஸ்கோபி வழியாகவே விரித்துவிட்டார்கள். இரும்புச்சத்து மாத்திரை தொடர்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே பார்க்கிறார்கள், அடுத்தது தை மாதம்.