கலைச்சொல்: வைஃபை அமைப்புத் திரையில் இரண்டு பாஸ்வேர்ட்

தொடங்கியவர்:
அன்பர்களுக்கு வணக்கம். வீட்டு ரவுட்டர் ஒன்றின் அமைப்புத் திரையைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். திரையில் இரண்டு பாஸ்வேர்ட் வருகின்றன. ஒன்று ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைய, மற்றது போனையும் கணினியையும் வைஃபையில் இணைக்க. இரண்டுக்கும் ‘கடவுச்சொல்’ என்றே போட்டால், வைஃபைக்கானதை மாற்றிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். ரவுட்டருடன் வந்த அட்மின் பாஸ்வேர்ட் அப்படியே கிடக்கும். எனவே வைஃபைக்குத் தனிச்சொல் தேவை. ‘இணைப்புச்சொல்’ பொருந்துமா?

தமிழாசிரியர்:
ஐயா, ‘ஆனால்’, ‘ஆகவே’ போன்றவற்றைத்தான் வகுப்பில் இணைப்புச்சொல் என்கிறோம். மாணவர்கள் குழம்புவார்கள். ‘மறைமொழி’ என்று வையுங்கள். ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப’ என்கிறது தொல்காப்பியச் செய்யுளியல். உரியவர் சொன்னால் பலிக்கும் சொல், அதுதானே நமக்கு வேண்டியது? அதோடு, ஒருமொழி, தொடர்மொழி என்று நன்னூல் பிரிக்கிறபடி, ‘மொழி’ என்பது தனிச்சொல்லுக்கும் சொற்றொடருக்கும் இடம் தரும்.

பிணையப் பொறியாளர்:
தொடருக்கு இடம் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறையில் 8 முதல் 63 எழுத்துக் குறிகள் வரை வைக்கலாம். ஆனால் ‘சொல்’ என்று கேட்டால் ஒரே ஒரு சொல்லைத்தான் வைக்கிறார்கள். ஒரு கருவி இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தை வெளியாள் பதிவு செய்துகொண்டால் போதும், அப்புறம் தன் கணினியிலேயே அகராதிச் சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைத்துவிட்டது. ஆனாலும் பழைய கருவிகளுக்காகப் பலர் 2-ஐயும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.
மறைமொழியில் எனக்கு ஒரு தடை. அதே திரையில் ‘என்கிரிப்ஷன்’ (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) என்பதற்கு ‘மறையாக்கம்’ வருகிறது. மறைமொழி மறையாக்கத்தின் விளைவு என்று நினைப்பார்கள்.

ஈழத்து அன்பர்:
எங்கள் வழக்கில் சாவியைத் ‘திறப்பு’ என்போம். ‘பிணையத் திறப்பு’, அதாவது நெட்வொர்க்கின் சாவி, சின்னதாகவும் தமிழாகவும் இருக்கிறது.

பிணையப் பொறியாளர்:
பூட்டே இல்லாத வைஃபைக்குத் ‘திறந்த பிணையம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ‘பிணையத் திறப்பு’ என்ற பெட்டியைப் பார்ப்பவர் பிணையத்தைத் திறந்துவிடும் பொத்தான் என்று எண்ணினால் பாதுகாப்பே போச்சு. ‘பிணையச் சாவி’ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

தமிழாசிரியர்:
சாவி போர்த்துக்கீசியச் சொல். ‘திறவுகோல்’ இருக்க அது எதற்கு?

தொடங்கியவர்:
ஜன்னலும் அலமாரியும் அதே வழியில் வந்தவைதான், அம்மா. அவற்றைச் சொல்லாத வீடு எது? திறவுகோல் நல்ல சொல்தான், ஆனால் போன் திரையில் ‘பிணையத் திறவுகோல்’ இரண்டு வரிக்கு ஓடுகிறது.

தமிழாசிரியர்:
இடம் போதவில்லை என்பதற்காகச் சொல்லை விடுவதா? சரி, ‘கடவு’ என்பதையே எடுத்துக்கொள்வோம். ‘கட’ என்ற வேரிலிருந்து பிறந்து ‘வழி’ என்று பொருள்படுவது. கடவுச்சீட்டு அப்படி வந்தது. கடவுள் என்பதையும் இதே வேரோடு சேர்ப்பார்கள், எல்லாவற்றையும் கடந்தவர் என்று. இனி ‘கடவன்’, ‘கடப்பாடு’ என்று போனால் கடமை என்ற பொருள் வருகிறது. வழி எப்படிக் கடமையாயிற்று என்பதை விரிவாக எழுதுகிறேன்.

பிணையப் பொறியாளர்:
அம்மா, அதைத் தனி இழையில் எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன். இங்கே அவசரமான ஒன்று உண்டு. டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் தட்டாமலே, பொத்தானை அழுத்தியோ ஓர் எண்ணைக் கொடுத்தோ கருவியை இணைக்கும் வசதி) பொத்தானுக்கு ‘எளிய இணைப்பு’ என்று வரைவில் பார்த்தேன். அந்தப் பெயர் வேண்டாம், மக்களை அதன் பக்கம் இழுக்கும். அதன் 8 இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். அதனால் ஏறக்குறைய 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம். 2011-இலேயே வெளிவந்த ஓட்டை இது. ‘டபிள்யூபிஎஸ்’ என்றே விட்டு, பக்கத்தில் ‘அணைத்து வைக்கவும்’ என்று எழுதுங்கள்.

தொடங்கியவர்:
அப்படியே செய்கிறேன். நாளை வெள்ளி. வந்த மடல்களைப் பார்த்தால் பலரும் இதற்கு இசைகிறார்கள்: அமைப்புகளுக்குள் நுழைய ‘நிர்வாகக் கடவுச்சொல்’, வைஃபைக்கு ‘கடவுத்தொடர்’. பெட்டிக்கு அடியில் ‘பல சொற்களைச் சேர்த்து நீளமாக வைக்கவும், நிர்வாகக் கடவுச்சொல்லையே இங்கு இடவேண்டாம்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

ஈழத்து அன்பர்:
எனக்குச் சம்மதம். திறப்பை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்வோம்.

தமிழாசிரியர்:
எனக்குச் சம்மதமில்லை. ‘கடவுத்தொடர்’ என்றால் வழித்தொடர் என்றுதான் என் காதில் விழுகிறது, கமுக்கம் என்ற பொருள் அதில் எங்குமே இல்லை. திரையில் உங்கள் சொல் வரட்டும். என் வகுப்பில் மறைமொழி என்றே சொல்லிக்கொடுப்பேன். ‘மறையாக்கம்’ குழப்புகிறது என்றால் மாற்ற வேண்டியது அதைத்தான். அடுத்த பதிப்புக்கு முன் அந்த விவாதத்தைத் தொடங்குங்கள்.