லயத்து வீட்டுச் சொந்தங்கள்

நான்: வணக்கம். நம் குடும்பக் குழுவில் ஒரு பாட்டு அனுப்பியிருக்கிறேன், மூன்று நிமிடம்தான். மாமா, பாட்டி காதருகே வைத்துப் போடுங்கள்.

மாமா: யார் பாப்பா இந்த வெள்ளைக்காரர்? பேசுகிற மாதிரி இருக்கிறது, ஆனால் பாட்டு.

நான்: ஃபிரெட் ரோஜர்ஸ், மாமா. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1968 முதல் 2001 வரை சின்னப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்தியவர். அவர் போடும் ஸ்வெட்டர்களை அவருடைய அம்மாவே பின்னிக் கொடுத்தாராம். 2003இல் இறந்துவிட்டார். இந்தப் பாட்டு வந்தது 2012இல்.

சித்தி: இறந்தவர் எப்படிப் பாடினார்?

தம்பி: பாடவில்லை சித்தி, பேசியதுதான். ஜான் போஸ்வெல் என்பவர் பழைய நிகழ்ச்சிகளிலிருந்து அவர் பேச்சைத் துண்டு துண்டாக எடுத்து, ஆட்டோடியூன் என்ற, குரலின் சுருதியை மாற்றும் மென்பொருளில் சுருதி சேர்த்து, இசை போட்டிருக்கிறார். பேசும்போதே நம் குரல் ஏறி இறங்கும் இல்லையா, அதைப் பிடித்துத்தான் மெட்டுக் கட்டுவார்கள். செய்யச் சொன்னது பிபிஎஸ் என்ற அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி. ஓவியர் பாப் ராஸ், சமையல் சொல்லிக்கொடுத்த ஜூலியா சைல்ட் பேச்சையும் அதே ஆண்டில் பாட்டாக்கினார்கள்.

சித்தி: எனக்கு ரீமிக்ஸ் என்றாலே பிடிக்காது. நல்ல பாட்டைக் கெடுத்துவிடுவார்கள்.

நான்: இதில் கேலி துளியும் இல்லை சித்தி. அந்த மனிதர் அன்பாகச் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்க வைக்கிறார்கள். என் பாலர் பள்ளிப் பிள்ளைகள் மூன்று தடவை கேட்டார்கள்.

அம்மா: என்னதான் சொல்கிறார்? இசையோடு வருவதால் இங்கிலீஷ் பிடிபடவில்லை.

நான்: நம் மனசுக்குள் ஒரு தோட்டம் இருக்கிறது, அதில் நல்ல யோசனைகளை வளர்க்கலாம் என்கிறார் அம்மா.

மாமா: பாட்டிக்குப் போட்டேன். தோட்டம் என்று சொன்னதும், "எந்தத் தோட்டம்? ரப்பரா, செம்பனையா?" என்று கேட்டார். பூந்தோட்டம் என்றேன். அவ்வளவுதான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் வைத்த கனகாம்பரம், கொல்லையில் நின்ற முருங்கை என்று அரை மணி நேரம் பேசினார். பார்வை போன பிறகு இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

நான்: மாமா, இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோஜர்ஸ் நிகழ்ச்சியில் ஒரு மீன் தொட்டி உண்டு. பார்வையில்லாத ஒரு சிறுமியின் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. மீனுக்குத் தீனி போட்டாரா என்று தெரியாமல் பிள்ளை கவலைப்படுகிறாள், வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று. அதற்குப் பிறகு அவர் தீனி போடும்போது சொல்லிவிட்டே போடுவார்.

அம்மா: நாம் தினமும் எத்தனை படம் அனுப்புகிறோம். அம்மாவுக்கு ஒன்றுமே போய்ச் சேருவதில்லை.

மாமா: பக்கத்திலேயே உட்கார்ந்து நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சித்தி: நேற்று கோயில் திருவிழாப் படம் நாற்பது போட்டேன் அண்ணே, ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருங்கள்.

சித்தி (குரல் பதிவு): அம்மா, நான்தான். அம்மனுக்கு இந்த வருஷம் அரக்கு நிறப் பட்டு. கழுத்து நிறைய மல்லிகை, நடுவில் ஒரே ஒரு செவ்வந்தி மாலை. தேர் நம் பழைய லயத்துப் பக்கம் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. யாரும் கலையவில்லை அம்மா, நனைந்துகொண்டே இழுத்தார்கள்.

மாமா: கேட்டுவிட்டார். பட்டுக்குக் கரை என்ன நிறம் என்று கேட்கச் சொல்கிறார்.