தம்பியைப் பகலில் தனியாக விடலாமா? எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வி (அம்மாப்பேட்டை, சேலம்):
தம்பிக்கு 24 வயது, லேசான அறிவுசார் குறைபாடு. அடுத்த மாதத்திலிருந்து காலை 9 முதல் மாலை 6 வரை வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். டீ போடுவான், கடைக்கும் போய் வருவான். அது போதுமா?

பதில் 1:
"டீ போடுவான்" என்பதை உடைத்துப் பாருங்கள். ரெகுலேட்டரைத் திறப்பது, லைட்டரைக் கையில் எடுத்த பிறகே பர்னரைத் திருகுவது, பால் பொங்கும்போது தீயைக் குறைப்பது, அணைப்பது, ரெகுலேட்டரை மூடுவது. ஒவ்வொன்றுக்கும் நேராகக் குறியுங்கள்: தானாகவா, சொல்லியா, கை பிடித்தா? தடுமாறினால் உடனே பேசாமல் பத்து விநாடி பொறுங்கள். ஆபத்து என்றால் மட்டும் குறுக்கிடுங்கள். அம்மா "ம்ம்..." என்று இழுப்பதும், அடுப்பை ஒரு பார்வை பார்ப்பதும் உதவிதான். வீட்டில் பார்க்கும் கணிப்புகள் பெரும்பாலும் பிசகுவது இங்கேதான். மூன்று வெவ்வேறு நாள் பாருங்கள்.

மொத்த மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். பத்துப் படியில் ஒன்பது சரி, அணைப்பது மட்டும் மறந்தால் அடுப்பு இன்னும் அவன் கைக்கு வரவில்லை. அதுவரை பிளாஸ்கில் டீ வைத்துவிட்டு, ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

பதில் 2:
வெளியே போவதையும் பாருங்கள். நம்மூர் பஸ் போர்டில் "பழைய பஸ் ஸ்டாண்ட்", "புதிய பஸ் ஸ்டாண்ட்" இரண்டுக்கும் முதல் சொல்தான் வித்தியாசம். வாசித்து ஏறுகிறானா, கூட்டத்தோடு ஏறுகிறானா? பின்னால் வேறொருவர் தள்ளி நின்று கவனிக்கட்டும். கடையில் 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்கு வாங்கச் சொல்லுங்கள். மீதியை எண்ணாமல் பையில் போட்டால் பணம் இன்னும் பழகவில்லை.

கேள்வி கேட்டவர்:
கேஸ் கசிந்தால் என்ன செய்வாய் என்றால் சரியாகச் சொல்கிறானே?

பதில் 2:
சொல்வது வேறு, செய்வது வேறு. "இப்போ வாசனை வருது" என்று சொல்லி நடித்துக் காட்டச் சொல்லுங்கள். சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர உதவி எண் 1906-ஐ அழைக்க வேண்டும். பழக்கத்தில் கை லைட் சுவிட்சுக்குப் போகும், அதைக் கவனியுங்கள். மின்வெட்டு, கதவைத் தட்டும் புது ஆள், சார்ஜ் தீர்ந்த போன் எல்லாவற்றையும் இப்படியே பாருங்கள்.

பதில் 3:
ஒருவர் அன்றாடம் எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று மதிப்பிடும் பார்த்தெல் அளவுகோலில் குளியல், சாப்பாடு, நடை போன்றவைதான் வரும். அதில் முழு 100 எடுத்தவரும் தனியாக இருக்க முடியாமல் போகலாம். தனியாக வாழத் தேவையான வேலைகளைப் பார்க்கும், 1969-இல் வந்த லாட்டன் பட்டியலில் போன், கடை, சமையல், வீட்டு வேலை, துவையல், பயணம், மருந்து, பணம் என எட்டு உண்டு. முதியவர்களுக்காக எழுதப்பட்டது, அதனால் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரேயடியாக ஒன்பது மணி நேரம் வேண்டாம். அரை மணியில் தொடங்கி, ஒரு வாரம் பிசகில்லாமல் போனால் இரண்டு மணி நேரம். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும்.