மன்னார்குடியில் இருந்துகொண்டே இலக்கிய முகவர் ஆக முடியுமா?

மன்னை செந்தில்:
வணக்கம். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு மன்னார்குடியில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஆய்வேடு, நோட்டீஸ் எல்லாம் அடிப்பேன். ஆனால் மனசு முழுக்கக் கதை, நாவல்தான். புனைகதைப் பதிப்பில் வேலை வேண்டும். நம் எழுத்தாளர்களை வேறு மொழிகளுக்குக் கொண்டுபோகும் முகவராக வேண்டும் என்பது பெரிய ஆசை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, நடவு, அறுப்புக்கு நான்தான் நிற்க வேண்டும், சென்னைக்குப் போக வழியில்லை. இங்கிருந்தே எப்படித் தொடங்குவது?

குடந்தை மீனா:
தம்பி, நான் கும்பகோணத்தில் வீட்டில் இருந்தபடியே மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுப் பிழை திருத்தத் தொடங்கி, பிறகு எடிட்டிங்குக்கு வந்தவள். உங்களுக்கும் அந்த வாசலைத்தான் சொல்வேன். ஒரு நாவலை வரிவரியாகப் பிரித்துப் பார்த்துப் பழகாதவர், அதை இன்னொருவரிடம் எடுத்துச்சொல்லி விற்க முடியாது.

டிடிபி தெரிந்திருப்பது நல்ல பலம். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளைப் பதிப்பாளர் விடமாட்டார். ஆனால் ஒற்றும் ரகர றகரமும் பார்ப்பது பாதி வேலைதான். மூன்றாம் அத்தியாயத்துச் சித்தி பத்தாம் அத்தியாயத்தில் அத்தையாகியிருப்பாள், அதையும் பிடிக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு நாவலில் தை மாதம் குறுவை அறுப்பு நடந்தது. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து நட்டால் குறுவை புரட்டாசி, ஐப்பசியில் களத்துக்கு வந்துவிடும். தையில் அறுப்பது சம்பா. அந்தக் குறுவைப் பணத்தை நம்பித்தான் கதையில் ஒரு கல்யாணமே நிச்சயமாகியிருந்தது! எழுத்தாளருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் கல்யாணத்தையே தள்ளிவைத்து, அதன்பின் வரும் அத்தியாயங்களைத் திரும்ப எழுதினார். நாவல் இன்னும் நன்றாக வந்தது. வயலில் நின்றவர் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும் தம்பி, அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

அப்புறம், சென்னை. காலச்சுவடு நாகர்கோவிலில் இருந்து நடக்கிறது. எதிர் வெளியீடு பொள்ளாச்சியில், விடியல் கோயம்புத்தூரில், அகரம் நம் தஞ்சாவூரிலேயே. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் அதற்கு முந்தைய மாதங்களில் எல்லாப் பதிப்பகத்திலும் வேலை குவிந்து கிடக்கும். ஆவணியிலேயே கேட்டு எழுதுங்கள். வெறுமனே வேலை கேட்காமல், அவர்கள் போட்ட நாவல் ஒன்றில் சில பக்கங்களுக்குத் திருத்தம் குறித்துப் பணிவாகச் சேர்த்து அனுப்புங்கள்.

கீழவாசல் ராஜகோபால்:
மீனா அம்மா சொன்னது சரி. நான் பணக் கணக்கைச் சொல்கிறேன். 300 ரூபாய் நாவல் 500 பிரதி விற்றால், எழுத்தாளருக்கு வரும் 10 சதவீத ராயல்டி 15,000 ரூபாய். அதில் முகவர் 15 சதவீதம் எடுத்தால் 2,250 ரூபாய். இதை வைத்துக் குடும்பம் நடக்காது. தமிழில் எழுத்தாளர் நேராகப் பதிப்பாளரிடமே பேசிவிடுகிறார் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். முகவருக்கு வேலை இருப்பது மொழிபெயர்ப்பு உரிமையிலும் சினிமா, வெப் சீரிஸ் உரிமையிலும்தான். வெளிநாடுகளில் சொந்த நாட்டு விற்பனைக்கு 15, மொழிபெயர்ப்பு உரிமைக்கு 20 சதவீதம் என்பது பொதுவான வழக்கம்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நம் ஊரில் பல எழுத்தாளர்களிடம் ஒப்பந்தத் தாளே இருக்காது, எல்லாம் வாய்ப்பேச்சு. மொழிபெயர்ப்பு உரிமை யார் கையில் இருக்கிறது என்று தெளிவாகாமல் எந்தக் கதையையும் வெளியே கொண்டுபோகாதீர்கள்.

2023 முதல் தமிழக அரசு சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடத்துகிறது. அங்கே நடப்பது மொழிபெயர்ப்பு உரிமையை வாங்கி விற்கும் பேச்சு. மொழிபெயர்ப்புக்கு மானியமும் தருகிறார்கள். அந்த நாட்களில் மட்டும் ரயிலேறிப் போய் வாருங்கள்.

மன்னை செந்தில்:
இருவருக்கும் நன்றி. வடுவூர்ப் பக்கம் ஒரு பெரியவரின் சிறுகதைத் தொகுப்பை மலையாளத்துக்குக் கொண்டுபோக ஆசை. முதலில் ஆங்கிலத்தில் வர வேண்டுமா? அவரே செலவுக்கு ஏதாவது தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

குடந்தை மீனா:
வாங்காதீர்கள் தம்பி. உரிமை விற்ற பிறகு வருவதில்தான் முகவருக்குப் பங்கு. படித்துப் பார்க்கவே எழுத்தாளரிடம் காசு வாங்குகிற இடங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆங்கிலம் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. தமிழில் இருந்து நேராக மலையாளத்துக்கு மொழிபெயர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவரிடம் மொழிபெயர்ப்பு உரிமைக்கு உங்கள் பெயரில் ஓர் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள், எத்தனை ஆண்டு, எந்தெந்த மொழி என்று அதில் இருக்கட்டும். தொகுப்பில் மிக நல்ல இரண்டு கதைகளை மட்டும் மொழிபெயர்க்கச் செய்யுங்கள். எழுத்தாளர் பற்றி ஒரு பக்கம், மற்றக் கதைகளைப் பற்றி ஒரு பக்கம். இவ்வளவு போதும், மலையாளப் பதிப்பகங்களுக்கு அனுப்பலாம். எந்த இரண்டு கதை என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா? இங்கேயே எழுதுங்கள், பேசலாம்.