கிண்ணத்துக் காயும் எண்ணி வைத்த காயும்

கோ (கட்டம் போட்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய் வைத்து ஆடும் ஆட்டம்) போட்டியில் மெயின் டைம், அதாவது ஆளுக்கு முதலில் கொடுக்கும் நேரம், தீர்ந்த பிறகு உங்களுக்கு நடந்த கூத்தை ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

கொழிஞ்சாம்பாறை: நான் கோ பழகியது முழுக்க போனில். அங்கே பியோயோமிதான். மெயின் டைம் முடிந்தால் 30 வினாடி வீதம் ஐந்து தவணை. 30-க்குள் காய் வைத்தால் தவணை அப்படியே இருக்கும், தாண்டினால் ஒன்று போகும். ஐந்தும் போனால் ஆட்டம் போச்சு.

நேரில் முதல் போட்டிக்குப் போனால் முள் வைத்த பழைய செஸ் கடிகாரம். அதற்குத் தவணை எண்ணத் தெரியாது, அதனால் கனடா முறை: 5 நிமிடத்தில் 15 காய். எண்ணி வெளியே வைத்துவிட்டுக் கிண்ணத்தை மூட வேண்டும். பதினைந்தும் தீர்ந்தால் மறுபடி 5 நிமிடம், மறுபடி 15. மிச்சம் பிடித்த நேரம் அடுத்த சுற்றுக்கு வராது.

நான் கிண்ணத்தை மூடவில்லை. மூலையில் பெரிய அடிதடி, பழக்கதோஷத்தில் கை இரண்டு தடவை கிண்ணத்துக்குள் போய்விட்டது. நேரம் முடிந்து கடிகாரத்தின் கொடி விழுந்தபோது முன்னால் இரண்டு காய் சும்மா உட்கார்ந்திருந்தன. எதிரே இருந்த சேட்டன் "சாரமில்லா" (பரவாயில்லை) என்றார். நடுவர் இறங்கி வரவில்லை. அவர் செய்தது நியாயம்தான், எண்ணி வைத்தது தீரவில்லையே.

குப்பம்: எனக்கு பியோயோமியே வினை. வீட்டில் பழகும்போது மச்சான் கடைசிப் பத்து வினாடியைத் தெலுங்கில் எண்ணுவார். "எனிமிதி, தொம்மிதி" வந்தாலே கை நடுங்கும். அதனால் யோசிக்க நேரம் வேண்டுமென்றால் எங்காவது ஒரு மிரட்டல் வைப்பேன். எதிராளி பதில் சொல்லியே ஆகவேண்டும், எனக்குப் புதிதாக 30 வினாடி. பெங்களூர் போட்டியில் அப்படி நாலு மிரட்டலைத் தின்றேன். பிறகு வந்தது ஒரே இடத்தில் மாறி மாறி ஒரு காயைப் பிடிக்கும் கோ சண்டை (ஆட்டமும் கோ, அந்தச் சண்டையும் கோ, தமிழில் எழுதினால் இதுதான் தொல்லை). பிடிபட்ட காயைத் திருப்பிப் பிடிக்குமுன் வேறிடத்தில் ஒரு மிரட்டல் வைக்க வேண்டுமே? என் கையில் ஒன்றும் இல்லை. இருபது காய் கொண்ட கூட்டம் போனது.

வேலந்தாவளம்: பையன் செஸ்ஸிலிருந்து வந்தவன். பாபி ஃபிஷர் 1989-ல் காப்புரிமை வாங்கிய முறைதான் வேண்டுமென்கிறான், ஒவ்வொரு காய்க்கும் சில வினாடி கூடும், சேர்த்தும் வைக்கலாம். என் ஓட்டு பியோயோமிக்கே. 2016-ல் சியோலில் கொரிய வீரர் லீ செடோல், ஆல்பாகோ என்ற கணினி நிரலோடு ஆடிய ஆட்டத்துக்கும் ஆளுக்கு 2 மணி நேரமும் 60 வினாடியில் 3 தவணையும்தான். 1938-ல் ஜப்பானிய வீரர்கள் ஹோனின்போ ஷூசாயும் கிதானி மினோருவும் ஆளுக்கு 40 மணி நேரம் வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவர்களுக்கென்ன!

கொழிஞ்சாம்பாறை: குப்பம் அண்ணா, அந்த நாலு மிரட்டல் எனக்கே வலிக்கிறது. நான் இப்போது 15 காயை எண்ணியதும் கிண்ணத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். போன தடவை அதைக் காலால் தட்டிவிட்டேன், மண்டபம் முழுக்க வெள்ளைக் காய். நல்லவேளை, ஓடிக்கொண்டிருந்தது எதிராளி கடிகாரம். நடுவர் அதை நிறுத்திவிட்டு அவரும் குனிந்து பொறுக்கினார்.