கொலைகாரன மட்டும் தேடாத க்ரைம் நாவல், பதினஞ்சு வயசு பொண்ணுக்கு என்ன வாங்கலாம்?

தேன்மொழி:
எங்க அக்கா பொண்ணு பத்தாவது முடிச்சிட்டு லீவுல இருக்கா, துப்பறியும் கதைன்னா சோறு தண்ணி வேணாம் அவளுக்கு, இங்கிலீஷ் புக்கும் சரளமா படிப்பா. போன வாரம் வந்து "சித்தி, எல்லா கதைலயும் போலீஸ் கைது பண்ணதும் முடிஞ்சிடுது, அதுக்கப்பறம் கோர்ட்ல என்ன நடக்கும், எல்லாருக்கும் ஒரே மாதிரியா நடக்கும்"னு கேட்டா. அந்தக் கேள்வியவே எடுத்துக்கிட்டு போற மாதிரி அவ வயசுக்கு ஏதாவது நாவல் இருக்கா? வெறும் அட்வைஸா இருந்தா பத்து பக்கத்துல மூடி வெச்சிடுவா.

ஜீவா:
வால்டர் டீன் மையர்ஸோட 'மான்ஸ்டர்', 1999ல வந்தது. யோசிக்காம வாங்கிக் குடுங்க. நியூயார்க்ல ஹார்லெம்னு ஒரு ஏரியா, அங்க ஸ்டீவ் ஹார்மன்னு 16 வயசு கறுப்பினப் பையன். மருந்துக்கடைல கொள்ளையடிக்கப் போன இடத்துல கடைக்காரர் செத்துடறாரு. இவன் முன்னாடியே உள்ள போய் ஆள் இருக்காங்களான்னு பாத்து குடுத்தான்கறதுதான் இவன் மேல கேஸ், சுட்டது இவன்னு அரசுத் தரப்பு வக்கீல் கூட சொல்லல. ஆனா அங்க ஃபெலனி மர்டர்னு ஒரு சட்டம் இருக்கு, கொள்ளையில உயிர் போச்சுன்னா அதுல கூட்டா இருந்த எல்லார் மேலயும் கொலைக் குற்றம்தான். 25 வருஷத்துலேர்ந்து ஆயுள் வரைக்கும் போகும். அதோட நியூயார்க்ல அப்பல்லாம் 16 வயசானாலே பெரியவங்க கோர்ட்டு, பெரியவங்க ஜெயிலு, 2017ல சட்டத்த மாத்தி 2018லேர்ந்துதான் 16 வயசுக்காரங்கள்ல பெரும்பாலானவங்கள அதுலேர்ந்து எடுத்தாங்க. முழுக்க சினிமா திரைக்கதை மாதிரியும் நடுநடுல ஜெயில் டைரியாவும் எழுதியிருப்பாரு, அதனால உங்க பொண்ணு ஒரே மூச்சுல முடிச்சிடுவா. ஒரு இடம் சொல்றேன், சாட்சிக் கூண்டுல எப்படி பேசணும்னு அவனோட வக்கீலம்மா பழக்குவாங்க, கைல ஒரு பேப்பர் கப், பதில் புடிச்சிருந்தா நிமித்தி வெப்பாங்க, புடிக்கலன்னா கவுத்துடுவாங்க. உண்மை பொய்ய விட ஜூரிக்கு இவன் எப்படி தெரியறான்கறதுதான் அங்க ஓடுதுன்னு அந்த ஒரு சீன்லயே புரிஞ்சிடும்.

கருப்புக்கோட்டு:
நான் கிரிமினல் சைடு ப்ராக்டீஸ் பண்றேன். இத அமெரிக்கா சமாச்சாரம்னு ஒதுக்கிடாதீங்க. நம்ம பழைய ஐபிசி 396லயே அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சேந்து கொள்ளையடிக்கும்போது ஒருத்தன் கொலை பண்ணா அத்தன பேருக்கும் மரண தண்டனை வரைக்கும் போகலாம். 2015 சிறார் நீதிச் சட்டத்துல 16லேர்ந்து 18 வயசுக்குள்ள கொடுங்குற்றம்னா பெரியவங்க மாதிரி விசாரிக்கவும் வழி இருக்கு. படிச்சு முடிச்சதும் அவகிட்ட இதையும் சொல்லுங்க.

நிலா_வாசிப்பு:
அடுத்தது ஏஞ்சலின் பூலி எழுதின 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்', 2021. மிச்சிகன்ல சூ செயின்ட் மேரி ஊரு, 2004ல நடக்கற கதை. டௌனிஸுக்கு 18 வயசு, அப்பா ஓஜிப்வே பழங்குடி, அம்மா வெள்ளைக்காரங்க. கண்ணு முன்னாடி ஃப்ரெண்டு கொல்லப்படறா, அப்பறம் எஃப்பிஐக்காரங்க மெத் போதைமருந்து கேஸ்ல இவள உள்ள இழுக்கறாங்க, இவளுக்கு கெமிஸ்ட்ரியும் தெரியும் மூலிகையும் தெரியும்னு. அவங்களுக்கு ஆள புடிச்சா போதும், இவளுக்கு ஊரு புள்ளைங்க உயிரோட இருக்கணும், அந்த இழுபறிதான் புக்கு. பின்னாடி ஒரு சட்டம் இருக்கு, 1978ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு குடுத்த தீர்ப்புப்படி பழங்குடி நிலத்துல பழங்குடி இல்லாத வெளியாள் வந்து குற்றம் பண்ணா பழங்குடி கோர்ட்டு அவன விசாரிக்க முடியாது. மத்திய அரசு வக்கீலுங்க கேஸ எடுக்கலன்னா பாதிக்கப்பட்ட பொண்ணுக்கு போக இடமே இல்ல. 2013லயும் 2022லயும்தான் சட்டத்த கொஞ்சம் கொஞ்சமா திருத்தினாங்க. பாலியல் வன்முறை வருது, அதனால நீங்க முதல்ல படிச்சிட்டு குடுங்க.

தேன்மொழி:
ரெண்டும் வாங்கறேன், ரொம்ப நன்றி. ஜீவா, ஒரு சந்தேகம், அந்தப் பையன் நெஜமாவே உளவு பாத்து குடுத்திருந்தா அப்பறம் எப்படி அத அநியாயம்னு சொல்றது? அவ கண்டிப்பா கேப்பா.

ஜீவா:
கேக்கட்டும், கேக்கணும். அவன் என்ன பண்ணான்னு மையர்ஸ் கடைசி வரைக்கும் அடிச்சு சொல்லவே மாட்டாரு, எனக்கு அந்த புக்குல ரொம்ப புடிச்சதே அதுதான். ஒண்ணுமே பண்ணாத அப்பாவின்னு வெச்சிருந்தா நாம ஈசியா அழுதுட்டு போயிடுவோம். தப்பு பண்ண பையனுக்கும் தப்புக்கு ஏத்த தண்டனைதான குடுக்கணும்? கொள்ளைக்கு கடைக்குள்ள போன போபோன்னு ஒருத்தன் வருவான், சாட்சி சொல்லி தண்டனைய கொறச்சுக்குவான், ஆனா ஒரு நிமிஷம் எட்டிப் பாத்தான்னு சொல்லப்படற பையனுக்கு அத விட பெருசா தலைக்கு மேல தொங்குது. அவ கேட்டா இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கச் சொல்லுங்க.